கப்பல் ரேடியோவைத் திறந்த அக்கா

மூடியிருக்கும் எதையும் அக்காவால் அப்படியே விட்டுவைக்க முடியாது. எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒருமுறை சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றோம். புதுசு போட்டும் ஓடவில்லை. வேறு வாங்கிவிடலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா நாற்காலிமேல் ஏறி அதைக் கழற்றி, மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். பல்லி ஒன்று உள்ளே புகுந்து பற்சக்கரங்களுக்கு நடுவே செத்து உலர்ந்து கிடந்தது. அதைக் காகிதத்தில் எடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மிஸ்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வெளியே போனார்கள்.

"தெறந்து பாக்காம எப்டிச் சொல்றது?" என்றார் அக்கா. அந்த வாக்கியத்தை அவரிடமிருந்து நான் கேட்காத வாரம் கிடையாது.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் உறவு ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தார், நான் எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தமிழ். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய வீட்டு மாடியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். குழந்தைகள் இல்லை. கணவர் கப்பலில் வேலை பார்த்தார், வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். காலையில் இருவரும் ஒன்றாகவே பஸ் பிடிப்போம். உயரமாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஈயம் பற்றவைக்கும்போது பட்ட சூட்டுக் காயம் ஒன்று எப்போதும் இருக்கும். அது ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அவருடைய அந்தக் குணம் மிக்ஸி, கடிகாரத்தோடு நிற்கிற குணம் அல்ல. எனக்குப் பல்லாவரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர் என்றார்கள். அத்தா இல்லாத வீடு, ஓடி விசாரிக்க ஆளில்லை. மாமா ஒருவர் நல்ல குடும்பம் என்று சொன்னதை நம்பி அம்மா நிக்காஹுக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போன அக்கா, திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு வந்தார்.

"அந்த ஆபீஸ் இருக்கும்மா. அவரும் அங்க இருந்திருக்காரு, போன வருஷம் வரைக்கும். வாணியம்பாடில ஒரு வொய்ஃப் இருக்காங்க. ஒரு கொழந்தையும் இருக்கு."

அம்மாவுக்கு ஆத்திரம் அந்த மாப்பிள்ளைமேல் வரவில்லை. "உங்கள யாரு போய் விசாரிக்கச் சொன்னது டீச்சர்?" என்று கேட்டார்.

"நிக்காஹ் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா பரவால்லயாம்மா?"

நான் பல நாள் அக்காவோடு பேசவில்லை, அடுத்த பஸ்ஸில் போனேன். ஒரு நாள் மாடிப்படியில் மறித்து நின்று, "அழணும்னா அழு. ஆனா தெரிஞ்சுக்கத்தான வேணும்?" என்றார். குரலில் இரக்கம் இருந்தது, சமாதானம் இல்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நாட்களில் எனக்குத் தோன்றியதுண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை.

அவர் கணவரை நான் அண்ணா என்பேன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கரையோடும் மற்ற கப்பல்களோடும் பேசுவதற்கென்றே அந்தக் காலத்தில் ஒவ்வொரு கப்பலிலும் ஒருவர் இருப்பார். சாட்டிலைட் வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் அண்ணா இன்னொரு படிப்பு படித்து, அதே கம்பெனியில் எலக்ட்ரிகல் ஆபீசராகச் சேர்ந்தார். "மைக் புடிச்ச கைல ஸ்பேனர குடுத்துட்டாங்கம்மா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். மெலிந்த ஆள். மெதுவாகப் பேசுவார். ஒரு சொல்லைத் தொட்டால் அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். கேட்கிறவர் எழுதிக்கொள்ள வசதியாகப் பேசிப் பேசி வந்த பழக்கம் என்று அக்கா சொல்வார்.

அவர் பல வருடம் வேலைபார்த்த கப்பல் உடைக்கப் போனபோது, அதிலிருந்த ரேடியோ செட்டைக் கேப்டனிடம் கேட்டு வாங்கி வந்தார். சாம்பல் நிறத்தில், பெரிய சூட்கேஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. மூலைகளில் உப்புத் துரு. ஆட்டோக்காரரும் அவருமாக அதைத் தூக்கி வந்து ஹாலில் வைத்தபோது நானும் இருந்தேன்.

"இதுகூடதான் இத்தன வருஷம் பேசிக்கிட்டு இருந்தேன். உன்கூடப் பேசினத விட ஜாஸ்தி" என்றார் அண்ணா.

"அப்ப இனிமே இதுலயே என்கூடப் பேசுங்க" என்றார் அக்கா. அப்போதே பெட்டியின் பின்பக்கம் எத்தனை திருகு என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருவரிடமும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. பரீட்சை எழுதி அரசாங்க அனுமதி வாங்கி, தங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் பொழுதுபோக்காக உலகம் முழுக்கப் பேசிக்கொள்கிறவர்கள். அந்தப் பரீட்சை எழுதப்போன இடத்தில்தான் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டார்களாம். அண்ணா கப்பல் கேபினில் ஒரு சின்ன செட் வைத்திருந்தார். கேப்டன் அனுமதித்தால் அதில் பேசுவார். அக்காவிடமிருந்த பழைய செட்டுக்கு நடுக்கடல் வரை எட்டுகிற பலம் இல்லை. கப்பலின் சாட்டிலைட் போன் குடும்பக் கதை பேசக் கட்டுப்படியாகாது. மூன்று மாதம், நான்கு மாதம் எந்தக் குரலும் கேட்காமல் இருந்து பழகியவர் அக்கா.

அண்ணா மறுபடி கப்பலேறிய மறுநாளே பெட்டியைத் திறந்தார். சிக்கல் என்னவென்றால், கப்பல் செட் கப்பல்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும்தான் பேச விடும். மற்றவற்றைக் கேட்கலாம், ஆனால் பேசும் பொத்தானை அமுக்கினால் ஊமையாகிவிடும். எங்கெங்கே பேசலாம் என்பது உள்ளே ஒரு சின்ன சில்லில் பதிந்திருந்தது. அதை அழித்து, ஹாம்களின் அலைவரிசைகளைப் புதிதாகப் பதிக்க வேண்டும். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் பதித்துத் தருவார்கள். முதல் தடவை தப்பாய்ப் போயிற்று, இரண்டாம் தடவையும் தப்பு. ஒவ்வொரு முறையும் மின்சார ரயிலில் போய் வந்து, ஹால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பார்ப்பார். நான் டார்ச் பிடிப்பேன். பெட்டிக்குள்ளிருந்து உப்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வந்துகொண்டே இருக்கும்.

கப்பல் சேனல்களை ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். அதில் ஆபத்து அழைப்புக்கான சேனலும் ஒன்று. "அது இருந்துட்டுப் போகட்டுமேக்கா, எதுக்காவது ஒதவும்" என்றேன்.

"கை தவறி நான் அதுல பேசிட்டா, உண்மையிலேயே முழுகறவன் கூப்பிடறது யாருக்கும் கேக்காது" என்றார்.

அந்த செட்டுக்கு இருபத்து நான்கு வோல்ட் வேண்டும், கப்பல் பேட்டரி மாதிரி. பல்லாவரம் சந்தையில் பழைய லாரி பேட்டரி இரண்டு வாங்கப் போனோம். மூடியைக் கழற்றி உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, தகடு எப்படி இருக்கிறது என்று அக்கா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"இன்னாமா, வாங்கப் போறியா, இல்ல ஆபரேசன் பண்ணப் போறியா? நல்லா கீதுன்றேன் இல்ல?"

"நீங்க தெறந்து பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன். லாரிக்காரன் சொன்னான்."

"அவன் பாத்தானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூடியைக் கழற்றினார். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏரியலுக்காக எங்கள் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தென்னைவரை செம்புக் கம்பி கட்டினோம். துணி காயப்போட முடியவில்லை என்று அம்மா முணுமுணுத்தார். அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு சாயங்காலம் செட் முதன்முதலாகப் பேசியது. வெகுநேரம் இரைச்சல்தான். பிறகு அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, சொல் சொல்லாக நிறுத்திப் பேசும் அண்ணாவின் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மைக்கை எடுத்து முதலில் கேட்டது, "பின்னாடி என்ன சத்தம்? ஓவர்."

"ஜெனரேட்டர். ஓவர்."

"பேரிங் போயிருக்கு. தெறந்து பாருங்க. ஓவர்."

அண்ணா சிரித்தது அலை அலையாக வந்து தேய்ந்தது.

அதன்பின் வாரத்தில் இரண்டு மூன்று நாள், பள்ளி விட்டு வந்ததும் பேசுவார்கள். ஹாம் ரேடியோவில் ரகசியம் கிடையாது. அந்த அலைவரிசையில் காதை வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். சொந்தக் கதையெல்லாம் பேசக் கூடாது என்று விதி வேறு. அதனால் அவர்கள் பேசியது மோட்டார், தண்ணீர் லாரி, மழை, ஏரியல். "சாப்டீங்களா" என்பதற்கு மேல் போனதில்லை. அதற்கே அக்காவின் முகம் மாறும். படிக்கட்டில் உட்கார்ந்து நான் பேப்பர் திருத்துவேன். இருபது வருடம் சேர்ந்திருந்தும் சேராதிருந்த இருவர் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்பதில் எனக்கு ஏதோ ஒரு ஆறுதல்.

ஒரு நாள் அண்ணா கப்பலில் குளிர்ப்பெட்டிகளுக்குக் கரன்ட் கொடுக்கிற போர்டைப் பற்றிச் சொன்னார்.

"அதத் தொட்டா ஷாக் அடிக்குது. மெயின ஆஃப் பண்ணிக் குடுங்க, தெறந்து பாக்கறேன்னு கேட்டேன். ஆஃப் பண்ணா உள்ள சரக்கு கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க. ஓவர்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆஃப் பண்ணாம தெறக்காதீங்க. என்ன சொன்னாலும் தெறக்காதீங்க. ஓவர்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அண்ணா ஏதோ சொல்லத் தொடங்கினார். குரல் இறங்கி இரைச்சலுக்குள் போய்விட்டது. வானொலி அலைக்கு அப்படி ஆவது சகஜம். அக்கா கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். "நான் சொன்னது கேட்டுச்சா? ஓவர்." இரைச்சல் மட்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு செட்டை நிறுத்தினார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். நான் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மறுநாள் நாங்கள் பள்ளியில் இருக்கும்போது கம்பெனியின் சென்னை ஏஜென்ட் போன் செய்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் அக்கா ரிசீவரை வாங்கினார். மாரடைப்பு என்றார்களாம். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, "எட்டாம் சாப்டர் பாதில நிக்குது. முடிச்சிட்டு வர்றேன்" என்று வகுப்புக்குப் போய்விட்டார். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. மணியடித்தபின்தான் வந்தார்.

உடல் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. மீனம்பாக்கத்திலிருந்து மரப்பெட்டியாக வந்தது. உள்ளே தகரப் பெட்டி, ஓரமெல்லாம் ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. கூட வந்த ஏஜென்ட் இஸ்திரி கலையாத சட்டை போட்ட இளைஞர். "மேடம், ஓப்பன் பண்ண வேணாம். ரொம்ப நாள் ஆயிடுச்சு. நீங்க பாக்கற நெலமைல இருக்காது" என்றார். அக்காவின் சர்ச் பாஸ்டரும் அதையே இதமாகச் சொன்னார். அக்காவின் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

அக்கா உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரும் தகரம் வெட்டும் கத்தரியும் கொண்டுவந்தார். மரத்திருகுகளை அவரே கழற்றினார். தகரத்தின் ஒரு மூலையை அவரே வெட்டினார். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தெருவில் இருந்த ஆண்கள் இருவர் வந்து கத்தரியை வாங்கிக்கொண்டார்கள்.

முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. கன்னத்தில் கைவைத்தார், எடுத்தார். பிறகு போர்த்தியிருந்த துணியை விலக்கி வலது கையை எடுத்துத் திருப்பினார். உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், கருகிய குழி ஒன்று. முழங்கைக்குக் கீழே இன்னொன்று. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீயும் பாத்துக்கோ. நாளைக்கு நான் ஒருத்தி மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க."

பார்த்தேன். இன்றும் அதை மறக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஏஜென்ட் வாசலில் நின்றிருந்தார். "ஹார்ட் நின்னுதான் போச்சு மேடம். டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கு" என்றார்.

"நின்னுச்சு தம்பி. எதனால நின்னுச்சு?" என்றார் அக்கா.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் அக்கா செட்டின் முன்னால் உட்கார்ந்தார். தினமும் அதே நேரத்தில், அதே அலைவரிசையில், தமிழிலும் இங்கிலீஷிலும் கேட்டார். இன்ன தேதி சாயங்காலம் நானும் என் கணவரும் பேசியதை யாராவது கேட்டீர்களா. அதைக் கேட்கத் தாங்காமல் நான் மாடியிலேயே இருந்துவிடுவேன். அம்மா முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தார்.

பல நாள் கழித்து ஒரு பதில் வந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவரும் ஹாம். "மேடம், நான் கேட்டுட்டுதான் இருந்தேன். போர்டு ஷாக் அடிக்குன்னு அவங்க சொன்னது தெளிவா கேட்டுச்சு. எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்" என்றார். சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அக்கா அதைக் கம்பெனிக்கும், கப்பல் துறை அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

முதலில் வந்தது கம்பெனியின் பதில் இல்லை. அந்த ரேடியோ சட்டப்படிதான் இருக்கிறதா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். கப்பல் செட்டை வீட்டில் வைத்து, கப்பல் அலைவரிசையில் பேசுகிறார் என்று. செட் சட்டவிரோதம் என்றாகிவிட்டால், அதில் பேசிய பேச்சுக்கும் மதிப்பில்லை. அக்கா லைசென்ஸைக் காட்டினார். பெட்டியின் மூடியைக் கழற்றி, "பாத்துக்கோங்க சார்" என்று விலகி நின்றார். அதிகாரி ஒவ்வொரு சேனலாகப் போட்டுப் பார்த்தார். கப்பல் சேனல் எதுவும் இல்லை. டீ குடித்துவிட்டு, "வருத்தமா இருக்கு மேடம்" என்று சொல்லிப் போனார்.

கம்பெனியின் பதில் அதற்குப்பின் வந்தது. மாரடைப்பு என்பதை மாற்றியிருந்தார்கள். மின்சாரம் தாக்கி இறந்தார் என்று எழுதி, மின்தொடர்பைத் துண்டிக்காமல் தன் கவனக்குறைவால் போர்டைத் திறந்தார் என்றும் சேர்த்திருந்தார்கள்.

அக்கா அதைப் பலமுறை படித்தார். அவரை அவ்வளவு சிறுத்துப்போனவராக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவரு கவனமில்லாதவரா?" என்று என்னைக் கேட்டார். "ஒரு சொல்லக்கூட பாதில விடாத மனுஷன்." பிறகு வேறொன்று கேட்டார். "நான் தெறக்காதீங்கன்னு சொன்னது அவருக்குக் கேட்டுச்சா இல்லையா?"

அன்று சாயங்காலம் நானும் பக்கத்தில் இருந்தேன். தூத்துக்குடிக்காரரைக் கூப்பிட்டார். "சார், எனக்கு அவர் குரல் போனப்புறமும் உங்களுக்குக் கேட்டுச்சா? ஓவர்."

"கேட்டுச்சு மேடம். அவங்க முடிக்குத வரைக்கும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு? ஓவர்."

"இதுல வேண்டாம் மேடம். எல்லாரும் கேப்பாங்க. நான் நேர்ல வாரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூத்துக்குடி ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துணிப்பை, அதில் அக்காவுக்காகக் கொஞ்சம் மக்ரூன் இனிப்பு. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். செட்டைப் பார்த்தார். "இதுலதானா" என்றார்.

"சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

"நீங்க தெறக்காதீங்கன்னு சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சு மேடம். கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க. நீங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டீங்கள்லா, அதுவும் கேட்டுருக்கு. ஒங்களுக்குத்தான் அவங்க பேசினது போய்ச் சேரல."

அக்கா தலையசைத்தார்.

"அப்புறம் நீங்க செட்ட ஆஃப் பண்ணிட்டீங்க. நீங்க இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பேசிட்டு இருந்தாங்க. ஆஃப் பண்ணித் தர மாட்டேங்காங்க, காலைல அதத் தெறந்துதான் ஆகணும்னு கேப்டன் சொல்லிட்டார்னாங்க." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"பயமா இருக்குன்னாங்க மேடம். ஒனக்குக் கேக்காதுங்கற தைரியத்துலதான் சொல்றேன், எனக்குப் பயமா இருக்குன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் ரேடியோ முறைப்படி சொல்லி முடிச்சிட்டாங்க."

வெளியே யாரோ வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் சார் பேசல?"

"புருஷன் பொண்டாட்டி பேச்சு. அதுக்குள்ள நான் எப்படி மேடம் நொழையறது? ஒட்டுக் கேட்டதா நெனச்சிருவாங்களேன்னு இருந்துட்டேன்."

"எனக்குக் கேக்குதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சார்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

கேப்டன் சொன்னார் என்று அண்ணா பேசியதை அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். "பயமா இருக்குன்னதையும் எழுதணுமா மேடம்?" என்று கேட்டார். அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். "எழுதுங்க. அது இல்லன்னா அவரா போய்த் தெறந்த மாதிரி ஆயிடும்" என்றார். சாயங்கால ரயிலுக்கு அவரை நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கி, "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லாமல் இருந்ததைச் சொன்னாரா, இப்போது வந்து சொன்னதைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

மாதங்கள் போயின. எனக்கு வேலூரில் மாப்பிள்ளை அமைந்தது. இந்த முறை அம்மாவே அக்காவிடம் வந்து, "போய் விசாரிச்சிட்டு வாங்க டீச்சர்" என்றார். அக்கா, "நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார். செட்டை அவர் அதிகம் போடுவதில்லை. ஏரியல் கம்பி காற்றில் அறுந்து தென்னையிலிருந்து தொங்கியது, யாரும் கட்டவில்லை.

நான் பீர்க்கன்கரணையை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கடைசிக் காகிதம் வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மேலதிகாரியின் உத்தரவுப்படி பணியில் இருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார் என்று இருந்தது. அக்கா சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து வைத்திருந்தார். நானும் படித்தேன்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றேன். "இனிமேலாவது கொஞ்சம் நிம்மதியா இருங்க."

அவர் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

"அவரு பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தப்ப நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "செட்ட ஆஃப் பண்ணிட்டு வந்து அடுப்பப் பத்தவச்சேன். மாவு இருந்துச்சு. தோச ஊத்திக்கிட்டு இருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு எனக்கு நல்ல பசி."